எழுதுகோலும் செங்கோலும்

ஏடு நடத்துவோர் நாடு நடத்த வல்லரோ? இக்கேள்வி இன்று நேற்று எழுந்ததன்று. எழுதத் தெரிந்தவனுக்கு ஆளத் தெரியாது என்று எள்ளி நகையாடுவோர் உண்டு. எழுதத் தெரிந்தவனே மக்களின் ஏக்கம் அறிந்தவன், ஆகவே அவனே ஆளத் தக்கவன் என்று அடித்துப் பேசுவோரும் உண்டு. இரு சாராரோடும் நாம் வழக்காடப் போவதில்லை. நம் உள்ளத்தை நெடுநாளாக அரித்துக் கொண்டிருக்கும் கேள்வி வேறு. எழுதுகோலை ஏந்திய கையிலே செங்கோலும் வந்து சேரும்போது, அந்த எழுதுகோல் என்ன ஆகிறது? கூர் மழுங்குகிறதா? குனிந்து போகிறதா? அல்லது முன்னிலும் நிமிர்ந்து நிற்கிறதா?

இதற்கு விடை தேடும்போதெல்லாம் நம் நினைவிலே வந்து நிற்பவர், ஆங்கில நாட்டின் மைக்கேல் ஃபுட். வெள்ளை முடி கலைந்து பறக்க, கையிலே ஊன்றுகோலும், சட்டைப் பையிலே ஏதேனும் ஒரு புத்தகமுமாக நடமாடிய அந்தக் கிழவரைப் பிரிட்டிஷ் மக்கள் மறக்கவில்லை. பத்திரிகையாளராகத் தொடங்கி, பாராளுமன்றத்திலே முழங்கி, அமைச்சராகி, தொழிற்கட்சியின் தலைவராகி, தலைமை அமைச்சர் பதவியைத் தேடித் தேர்தல் களம் புகுந்து, படுதோல்வி கண்டு, மீண்டும் புத்தகத்துக்கே திரும்பியவர் அவர். அவரை நாம் நேசிக்கிறோம். நேசிப்பதாலேயே, அவரிடம் நமக்கு ஒரு வழக்கும் உண்டு.

1913-ஆம் ஆண்டு சூலைத் திங்களில், பிளிமத் துறைமுக நகரிலே பிறந்தவர் ஃபுட். தந்தையார் ஐசக் ஃபுட் லிபரல் கட்சியின் பாராளுமன்ற உறுப்பினர், புத்தகப் பித்தர். அந்த வீட்டில் அறைக்கு அறை புத்தகம், சுவருக்குச் சுவர் புத்தகம். உடன்பிறந்தாரில் ஒருவர் பாராளுமன்ற உறுப்பினரானார். மற்றொருவர் சைப்ரஸ் தீவின் ஆளுநரானார். மைக்கேலோ, இளமையிலேயே ஆஸ்துமாவும் தோல் நோயும் வாட்டிய உடலோடு ஆக்ஸ்ஃபோர்டு சென்றார். 1933-இல் அப்பல்கலைக்கழக மாணவர் பேரவையின் தலைவரானார். செல்வாக்குள்ள குடும்பம், சொல்வாக்குள்ள நாக்கு: லிபரல் கட்சியிலே அவருக்குப் பட்டுக் கம்பளம் விரித்திருப்பார்கள். ஆனால் அவர் வேலைக்குப் போன இடம் லிவர்பூல். அங்கே ஒரு கப்பல் நிறுவனத்தில் எழுத்தர். வேலையற்றோர் கூட்டம், இடிந்த குடியிருப்பு, எலும்பும் தோலுமான குழந்தைகள். தந்தையாரின் நூலகம் கற்றுத் தராத பாடத்தை லிவர்பூலின் சந்துகள் கற்றுத் தந்தன. இளைஞர் தொழிற்கட்சியிலே சேர்ந்தார். 1935-இல் மன்மத் தொகுதியிலே நின்றார், தோற்றார், பின்னர் எழுதுகோலைப் பற்றினார்.

1937-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட 'டிரிப்யூன்' வார ஏட்டிலே, வில்லியம் மெல்லர் என்ற ஆசிரியரின் கீழ்ப் பணியாற்றினார். மறு ஆண்டே அந்த ஆசிரியரை உரிமையாளர்கள் நீக்கினர். இளைஞர் என்ன செய்திருக்கலாம்? 'எனக்கென்ன, என் நாற்காலி இருக்கிறது' என்று இருந்திருக்கலாம். இருக்கவில்லை; ஆசிரியரோடு தாமும் வெளியேறினார். கொள்கை என்பது ஏட்டிலே அச்சிடும் சொல்லன்று, வயிற்றுக்குச் சோறு தரும் வேலையையும் விலையாகக் கேட்பது என்பதை அவர் தம் இருபத்தைந்தாம் வயதிலேயே காட்டிவிட்டார்.

அடுத்துப் போன இடம் வியப்பானது. பழமைக் கட்சியின் பெரும்புள்ளி, பத்திரிகைக் கோமான், பீவர்புரூக் பிரபுவின் 'ஈவ்னிங் ஸ்டாண்டர்ட்'! வலதுசாரிப் பிரபுவுக்கும் இடதுசாரி இளைஞனுக்கும் இடையே விந்தையான நட்பு மலர்ந்தது. அந்த நட்பிலே நனைந்து அவர் கரைந்து போனாரா என்றால், இல்லை.

1940-ஆம் ஆண்டு. டன்கர்க் கடற்கரையிலிருந்து பிரிட்டிஷ் படை தப்பித்தோம் பிழைத்தோம் என்று கரை திரும்பிய நேரம். 'ஏன் இந்தக் கதி? இட்லரிடம் கொஞ்சிக் குலவிய கனவான்கள் யார்? படைக்கலமின்றி வீரர்களைக் களத்துக்கு அனுப்பிய பாவம் யாருடையது?' என்று நாடே குமுறியது. ஃபுட்டும், ஃபிராங்க் ஓவன், பீட்டர் ஹோவர்டு என்ற இரு பத்திரிகைத் தோழர்களும், சில நாட்களிலேயே ஒரு சிறு நூலை எழுதி முடித்தனர். பெயர் 'கில்ட்டி மென்'. குற்றவாளிகள் என்று பொருள். எழுதியவர் பெயர் 'கேட்டோ' என்று மட்டுமே இருந்தது. சேம்பர்லின் முதலாகப் பதினைந்து பேரைப் பெயர் சொல்லிக் கூண்டிலே ஏற்றியது அந்நூல். பெரிய புத்தக வணிகர்கள் விற்க மறுத்தனர். தெருவோரத் தள்ளுவண்டிகளிலே வைத்து விற்றனர். இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட படிகள் பறந்தன. அரண்மனைக் கதவுகள் அடைக்கப்பட்டால், எழுத்து தள்ளுவண்டி ஏறியாவது மக்களிடம் போய்ச் சேரும் என்பதற்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டுமோ?

1942-ஆம் ஆண்டிலே, இருபத்தெட்டு வயதிலே, 'ஈவ்னிங் ஸ்டாண்டர்ட்' ஏட்டின் ஆசிரியரானார். அதே ஆண்டில் நடந்த ஒரு நிகழ்ச்சியை வாசகர்கள் மனத்திலே பதிய வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம். பின்னர் அது நமக்குத் தேவைப்படும். 'டெய்லி மிரர்' நாளேடு ஒரு கருத்துப்படம் வெளியிட்டது. கடலிலே கப்பல் கவிழ்ந்து, ஒரு தெப்பத்திலே ஒட்டிக் கிடக்கும் கப்பலோட்டி. கீழே, பெட்ரோல் விலை ஏறிய செய்தி. அவ்வளவுதான். சர்ச்சிலின் அரசு சீறியது. ஏட்டையே மூடிவிடுவோம் என்று உள்துறை அமைச்சர் எச்சரித்தார். போர் நடக்கிறது, குண்டு விழுகிறது, நாடு பிழைக்குமா என்ற நிலை. தணிக்கைக்கு இதைவிட நல்ல சாக்கு எந்த அரசுக்குக் கிடைக்கும்? அப்போதும் ஃபுட் பொதுமேடை ஏறி, பத்திரிகை உரிமைக்காகப் பேசினார். அச்சுறுத்தியவர் எதிரியல்லர், தம் நாட்டைக் காத்து நின்ற சர்ச்சில். அச்சுறுத்திய அமைச்சரோ தொழிற்கட்சிக்காரர், ஹெர்பர்ட் மாரிசன். தம்மவர் என்று ஃபுட் தயங்கவில்லை.

1944-இல் பீவர்புரூக்கின் ஏட்டையும் விட்டு விலகினார். நட்பு இருந்தது, ஆனால் அரசியலில் அவர் வழி வேறு, தம் வழி வேறு என்று கண்டார். விலகினார். பிரிந்தும் பகைக்காத பண்பு அது.

1945-ஆம் ஆண்டுத் தேர்தலிலே, பிறந்த ஊரின் டெவன்போர்ட் தொகுதியில் நின்று, முன்னாள் போர் அமைச்சர் ஹோர்-பெலிஷாவை வீழ்த்திப் பாராளுமன்றம் புகுந்தார். புகுந்தபின் ஏட்டை விட்டாரோ? விடவில்லை. 'டிரிப்யூன்' ஏட்டின் ஆசிரியராக 1948 முதல் 1952 வரையிலும், பின்னர் 1955 முதல் 1960 வரையிலும் இருந்தார். 1950-இல் அவர் எழுதிய ஒரு கட்டுரையின் தலைப்பு, கெம்ஸ்லி பிரபுவின் பத்திரிகைகளை இழிவுக்கு அளவுகோலாகக் காட்டிக் குத்தியது. பிரபு வழக்குத் தொடுத்தார். வழக்கு பிரபுக்கள் சபை வரை ஏறியது. 1952-இல், இத்தகைய கட்டுரைக்கு நேர்மையான விமர்சனம் என்ற எதிர்வாதம் செல்லுமா என்பதை நடுவர் குழு முன் வைக்கலாம் என்று தீர்ப்பாயிற்று. ஒரு தலைப்பு தந்த தலைவலி, ஆங்கில நாட்டுப் பத்திரிகையாளர் அனைவருக்கும் ஒரு கவசமாக மாறியது. சட்டம் பயில்வோர் இன்றும் அந்த வழக்கைப் படிக்கின்றனர்.

எதிரியை எதிர்த்து எழுதுவது எவருக்கும் எளிது. கைதட்டல் கிடைக்கும், கழுத்து மாலை கிடைக்கும். நண்பனை எதிர்த்து எழுத நேரும்போதுதான் எழுதுகோல் கனக்கிறது. ஃபுட்டுக்கு அந்தச் சோதனை 1957-இல் வந்தது. அனூரின் பெவன்! சுரங்கத் தொழிலாளியாக இருந்து, அமைச்சராகி, 1948-இல் தேசிய நலவாழ்வுப் பணியைத் தொடங்கி வைத்து, ஏழைக்கும் செல்வனுக்கும் ஒரே மருத்துவமனை என்று ஆக்கிக் காட்டிய மாமனிதர். ஃபுட்டுக்கு அவர் தலைவர், தோழர், கிட்டத்தட்டத் தெய்வம். அந்தப் பெவன், பிரைட்டன் மாநாட்டிலே, அணுகுண்டைப் பிரிட்டன் தானாகக் கைவிடக் கூடாது என்று பேசிவிட்டார். ஃபுட் என்ன செய்தார்? டிரிப்யூன் ஏட்டிலே, பெவன் வளர்த்த அதே ஏட்டிலே, பெவனை மறுத்தார். நட்பு முறிந்தது, வீட்டிலே சண்டை, வெளியிலே ஏளனம். ஃபுட் மாறவில்லை. 1958-இல் ஆல்டர்மாஸ்டன் அணு ஆயுத எதிர்ப்பு நடைப்பயணம் தொடங்கிய இயக்கத்திலே முன்னணியில் நின்றார். காலப்போக்கில் இருவரும் மீண்டும் நெருங்கினர். 1960-இல் பெவன் மறைந்தபின், அவருடைய எப்வேல் தொகுதி மக்கள் தேர்ந்தெடுத்தது, அவரை மறுத்து எழுதிய அதே ஃபுட்டைத்தான். பெவனின் வாழ்க்கையை இரு தொகுதிகளாக எழுதியவரும் அவரே. மறுக்கத் தெரிந்தவனே மதிக்கவும் தெரிந்தவன்!

1955 தேர்தலில் வெறும் 100 வாக்குகளில் டெவன்போர்ட்டை இழந்தவர், எப்வேல் வழியாக மீண்டும் உள்ளே வந்தார். வந்ததும் கட்சிக் கட்டளையை மீறி வாக்களித்தார்; 1961 முதல் இரண்டாண்டுகள் கட்சிக் குழுவிலிருந்து விலக்கி வைக்கப்பட்டார். 1963-இல் கார் விபத்திலே சிக்கி, அதன்பின் ஊன்றுகோலின்றி நடக்க இயலாதவரானார். அறுபது வயது வரை அவர் அமைச்சர் பதவி கண்டவரல்லர்.

1974-இல் பதவி வந்தது. தொழிலாளர் நலத்துறை அமைச்சர். சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தால் நாடு வாரத்துக்கு மூன்று நாட்களே இயங்கிய நேரம். வேலைநிறுத்தம் முடிவுக்கு வந்தது. அவ்வாண்டே, தொழிற்சாலை முதல் அலுவலகம் வரை பணியிடப் பாதுகாப்பை முதலாளியின் கடமையாக்கும் சட்டம் நிறைவேறியது. மறு ஆண்டு, கருவுற்ற பெண்களுக்கு மகப்பேற்று விடுப்பைச் சட்டப்படியான உரிமையாக்கும் சட்டம். கட்டுரை எழுதிய கை, காப்புச் சட்டமும் எழுதியது. ஏடு நடத்தியவர் நாடு நடத்த வல்லரோ என்பார்க்கு, உயிரோடு வீடு திரும்பும் ஒவ்வொரு தொழிலாளியும் விடை கூறுவான்.

ஆனால் அதே அமைச்சகத்திலேதான் முதல் நெருடலும் தோன்றியது. தொழிற்சங்க உறுப்பினர்க்கே வேலை என்ற ஏற்பாட்டுக்கு இடமளிக்கும் சட்டத்தை அவர் கொணர்ந்தார். பெரிய ஏடுகளின் ஆசிரியர்கள் பலர் பொங்கி எழுந்தனர். 'செய்தி எழுதவும் சங்கச் சீட்டு வேண்டுமா? யார் எழுதலாம் என்பதைச் சங்கம் முடிவு செய்வதா?' என்று கேட்டனர். பத்திரிகை உரிமைக்காக மேடை ஏறியவரையே, பத்திரிகை உரிமைக்குக் கேடு சூழ்பவர் என்று பத்திரிகைகள் தீட்டின. ஃபுட்டோ, தொழிலாளியின் உரிமையும் பத்திரிகையின் உரிமையும் மோதத் தேவையில்லை என்று நம்பினார். பிரபுக்கள் சபை இழுத்தடித்தது. 1976-இல், பத்திரிகை உரிமைக்கென ஒரு சாசனம் வகுக்க வழி செய்யும் பிரிவோடு, சட்டம் நிறைவேறியது. இதிலே யார் பக்கம் நியாயம் என்று இன்றும் வாதிடலாம். இரு பக்கமும் உரிமையே பேசியது.

இனி நாம் சொல்லப் போவதோ, இரு பக்கம் கொண்டதன்று.

1975 சூன் 25-ஆம் நாள் இந்தியாவிலே நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. ஏடுகளுக்கு முன் தணிக்கை. தலைவர்களுக்குச் சிறை. நாம் அப்போது மாணவப் பருவத்தில் இருந்தோம். எங்கள் ஊர்ப் படிப்பகத்துக்கு வந்த ஒரு சிற்றேட்டைப் பிரித்தபோது, நடுப்பக்கத்திலே ஒரு பத்தி முழுவதும் வெறுமையாகக் கிடந்தது. எழுத்தில்லை, படமில்லை, வெள்ளைத் தாள். படிப்பகத்தைப் பார்த்துக்கொண்ட ஓய்வுபெற்ற ஆசிரியர், அந்த வெள்ளைப் பகுதியை விரலால் தடவிக் காட்டி, "தம்பி, இந்த வாரம் படிக்க வேண்டியது இதுதான்" என்றார். பின்னர் அத்தகைய வெள்ளைப் பத்திகளும் வரவில்லை. வெறுமையைக் காட்டவும் விடவில்லை போலும்! 1976 சனவரி 31-இல் தமிழகத்தின் அமைச்சரவையும் கலைக்கப்பட்டது.

அந்த நாட்களிலே இலண்டன் மாநகரில் நடந்தது என்ன? இளமையிலேயே கிருஷ்ண மேனனின் இந்தியா லீகோடு தோள் சேர்ந்து, இந்திய விடுதலைக்குக் குரல் கொடுத்தவர் ஃபுட். நேருவை நேசித்தவர். அவர் இந்திரா காந்தியின் பக்கம் நின்றார். நெருக்கடி நிலைக்கு நியாயம் கற்பித்தார். பிரிட்டனிலே அவருடைய நண்பர்கள் பலர் திகைத்தனர். பின்னாளில் அவருடைய வரலாற்றைப் படித்து இதை அறிந்தபோது, நம் கண்முன் வந்து நின்றது அந்த வெள்ளைப் பத்திதான். குண்டு மழைக்கு நடுவிலும் ஒரு கருத்துப்படத்துக்காகச் சர்ச்சிலின் அரசை எதிர்த்தவரா இவர்? தெய்வமாகக் கருதிய பெவனையே மறுத்து எழுதியவரா இவர்?

ஏன் இப்படி ஆயிற்று? பணத்துக்காகவா? அவர் பணத்துக்கு வளைந்தவரல்லர். பதவிக்காகவா? அவருடைய பதவி புதுடில்லியில் இல்லை. நாம் காணும் காரணம் ஒன்றே. 'நேருவின் மகள் தவறு செய்யார்' என்ற பற்று. விடுதலைப் போரிலே உடன் நின்ற தோழர்களின் குடும்பம் என்ற பாசம். பெவன் அருகிலே இருந்தார். அவரோடு நேருக்கு நேர் நின்று சண்டையிட முடிந்தது. இந்தியாவோ தொலைவிலே இருந்தது. நட்பின் குரல் மட்டுமே காதில் விழுந்தது. வெள்ளைப் பத்தி கண்ணிலே படவில்லை. கோபத்தை வெல்லக் கற்ற எழுத்தாளன் பலர். ஆசையை வெல்லக் கற்றவர் சிலர். பாசத்தை வெல்லக் கற்றவர் மிகமிகச் சிலர். அந்தச் சிலரிலே ஒருவராக 1957-இல் இருந்தவர், 1975-இல் இல்லாமற் போனார். இதுவே அவரிடம் நமக்குள்ள வழக்கு.

பின்வந்த கதை நாடறிந்தது. 1979 மார்ச்சு 28-இல், 311-க்கு 310 என ஒரே வாக்கில் தொழிற்கட்சி அரசு கவிழ்ந்தது. அந்த இரவு அரசின் சார்பிலே இறுதியுரை ஆற்றிச் சபையைச் சிரிக்கவும் சிந்திக்கவும் வைத்தவர் ஃபுட். 1980 நவம்பரில், 139-க்கு 129 என்ற வாக்குகளில் டெனிஸ் ஹீலியை வென்று கட்சித் தலைவரானார். அப்போது வயது 67. மறு ஆண்டே கட்சி உடைந்தது. அவ்வாண்டு நவம்பரில், போரிலே மாண்டோர் நினைவுச் சின்னத்தின் முன் அவர் ஒரு குட்டை மேலங்கி அணிந்து நின்றார். 'கூலிக்காரன் சட்டையோடு வந்துவிட்டார்' என்று ஏடுகள் எள்ளின. ஏட்டிலே பிறந்தவரை ஏடுகளே கடித்துக் குதறின. அந்த மேலங்கி இப்போது மான்செஸ்டரிலுள்ள மக்கள் வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1983 சூன் 9-ஆம் நாள் தேர்தலில் கட்சிக்குக் கிடைத்தவை 209 இடங்கள். வாக்குகள் நூற்றுக்கு 27.6. அவருடைய கட்சியினரே, முன்னாள் பத்திரிகையாளரான ஜெரால்டு காஃப்மன், அத்தேர்தல் அறிக்கையை வரலாற்றின் மிக நீண்ட தற்கொலைக் கடிதம் என்று வருணித்தார். ஃபுட் பதவி விலகினார்.

தோற்றவர் மூலையில் முடங்கினாரோ? இல்லை. 1992 வரை பாராளுமன்றத்தில் சாதாரண உறுப்பினராக இருந்தார். பிரபுக்கள் சபைக்குப் போகவில்லை. பிரபு பட்டம் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. பைரனைப் பற்றி எழுதினார், எச். ஜி. வெல்சைப் பற்றி எழுதினார். 1949 முதல் வாழ்க்கைத் துணையாயிருந்த திரைப்பட இயக்குநர் ஜில் கிரேகி 1999-இல் மறைந்தார். பக்தி மிக்க குடும்பத்திலே பிறந்தும் பகுத்தறிவாளராகவே வாழ்ந்து, 2010 மார்ச்சு 3-ஆம் நாள், 96 வயதில் ஃபுட் கண் மூடினார்.

அவரைத் தோல்வியின் சின்னம் என்பார் பலர். நாம் அவ்வாறு எண்ணுவதில்லை. இடங்களை எண்ணுவோர் 1983-ஐ எண்ணட்டும். பணியிடத்திலே கை கால் இழக்காத தொழிலாளரை யார் எண்ணுவது? பிள்ளை பெற்றும் வேலை இழக்காத தாய்மாரை யார் எண்ணுவது? அவருடைய உண்மையான தோல்வி வாக்குப்பெட்டியிலே நிகழவில்லை. எவரும் எண்ணிப் பாராத ஒரு வெள்ளைப் பத்தியிலே நிகழ்ந்தது.

எழுதுகோலும் செங்கோலும் ஒரே கையில் இருக்கலாகாது என்று நாம் சொல்லவில்லை. இருக்கலாம், ஃபுட் அதைக் காட்டினார். ஆனால் எழுதுகோல் ஏந்துவோர் எவரும், பதவியிலே இருந்தாலும் பதவிக்கு வெளியிலே இருந்தாலும், மனத்திலே ஒரு பட்டியல் வைத்திருத்தல் நலம். எதிரிகளின் பட்டியல் அன்று. அது தானே வளரும். யாரைப் பற்றி எழுதும்போது நம் கை தயங்குகிறதோ, அந்த அன்பர்களின் பட்டியல். அவர்களில் ஒருவர் நாளை ஓர் ஏட்டின் வாயை அடைத்தால், நாம் என்ன எழுதுவோம்? இக்கேள்விக்கு விடை கையிலிருந்தால், செங்கோல் வரட்டும், போகட்டும், எழுதுகோல் வளையாது.